லிஃப்ட் நின்ற கப்பலில் படி இறங்க முடியாதவர்

சிங்கப்பூரிலிருந்து மூன்று, நான்கு இரவுக்குக் கிளம்பும் க்ரூஸ் கப்பல்களில் தாத்தா பாட்டியையும் கூட்டிக்கொண்டு ஏறும் தமிழ்க் குடும்பங்கள் இப்போது நிறைய. கூட்டத்தில் ஒருவருக்காவது முட்டி தேய்ந்திருக்கும். பக்கவாதம் வந்து ஒரு கால் இழுத்துக்கொண்டிருக்கும். இடுப்பு அறுவைசிகிச்சை முடிந்து ஆறு மாதம்கூட ஆகியிருக்காது. கப்பல் இவர்களுக்கு ஏற்ற இடம்தான். எல்லாத் தளத்துக்கும் லிஃப்ட், நடைபாதை முழுக்கக் கம்பளம், சாப்பாடு முதல் கச்சேரி வரை எல்லாம் ஒரே கூரைக்குள். ஆனால் இந்த வசதி அத்தனையும் லிஃப்டை நம்பி நிற்கிறது. தீயோ மின்தடையோ கப்பல் சாய்வதோ, எது நடந்தாலும் முதலில் இல்லாமல் போவது லிஃப்ட்தான்.

மஸ்டர் டிரில் எனப்படும் பயணிகளுக்கான அவசர ஒத்திகை இந்த ஒரு விஷயத்தைத் தொடுவதே இல்லை. முன்பெல்லாம் எல்லோரும் ஒரே நேரத்தில் மஸ்டர் ஸ்டேஷன் எனப்படும் அவசரக் கூடுமிடத்தில் போய்க் கூட்டமாக நிற்க வேண்டும். 2020-ல் ராயல் கரீபியன் 'மஸ்டர் 2.0' என்று ஒன்றைக் கொண்டுவந்தது. வேறு பெரிய நிறுவனங்கள் பலவும் அதே வழிக்கு வந்துவிட்டன. கைபேசிச் செயலியிலோ கேபின் டிவியிலோ வீடியோ பார்க்க வேண்டும், அபாயச் சங்கு எப்படி ஒலிக்கும் என்று கேட்டுக்கொள்ள வேண்டும், கப்பல் கிளம்பும் முன் தோதான நேரத்தில் ஸ்டேஷனுக்குப் போய் அட்டையை ஸ்கேன் செய்ய வேண்டும். அவ்வளவுதான். நெரிசலில் நிற்க முடியாதவர்களுக்கு இது பெரிய நிம்மதி, மறுக்கவில்லை. ஆனால் அங்கே போவது லிஃப்டில், திரும்பி வருவதும் லிஃப்டில். படிக்கட்டு, தூக்கிச் செல்லும் நாற்காலி, லைஃப் ஜாக்கெட், கூட்டம் எதுவும் கண்ணில் படாமலே டிரில் முடிந்ததாகக் கணக்கு. விட்டுப்போன பகுதியை முதல் நாள் மாலைக்குள் நீங்களே செய்து பார்த்துக்கொள்ள வேண்டும்.

கிளம்பும் நேரத்திலேயே டிரில் முடிய வேண்டும் என்பதே கோஸ்டா கான்கார்டியா கப்பல் விபத்துக்குப் பிறகு வந்த விதி. 2012 ஜனவரி 13 இரவு இத்தாலியின் ஜிலியோ தீவருகே அந்தக் கப்பல் பாறையில் மோதியபோது, அன்று மாலை சிவிட்டாவெக்கியாவில் ஏறிய சுமார் 700 பயணிகளுக்கு டிரில் நடந்திருக்கவில்லை. கடல் பாதுகாப்புக்கான சோலாஸ் உடன்படிக்கையின்படி அப்போது ஏறிய 24 மணி நேரத்துக்குள் நடத்தினால் போதும். மறுநாள் நடத்துவதாக இருந்தது. 32 பேர் இறந்தார்கள். 2015 ஜனவரி 1 முதல், 24 மணி நேரத்துக்கு மேற்பட்ட பயணம் என்றால் கிளம்பும் முன்போ கிளம்பிய உடனேயோ நடத்தியாக வேண்டும்.

அந்த இரவின் நேரக் கணக்கைப் படி ஏற முடியாதவர்கள் கவனிக்க வேண்டும். கப்பல் மோதியது 9.45-க்கு. உடனே மின்சாரம் போனது. மின்கோளாறு என்றுதான் பயணிகளுக்குச் சொன்னார்கள். பொது அபாயச் சங்கு ஒலித்தது 10.33-க்கு. கப்பலைக் கைவிடும் அறிவிப்பு வந்தது 10.54 வாக்கில். வேகமாக நடக்கக்கூடியவர் சங்கு ஒலிக்கும்வரை காத்திருந்தாலும் சமாளித்துவிடுவார். மெதுவாக நடப்பவருக்கு அந்த முதல் 48 நிமிடம் வீண் போனால் மீட்க முடியாது.

சங்கின் கணக்கு எல்லாக் கப்பலிலும் ஒன்றுதான்: ஏழோ அதற்கு மேலோ குறுகிய ஒலி, தொடர்ந்து ஒரு நீண்ட ஒலி. இதன் பொருள் 'மஸ்டர் ஸ்டேஷனுக்கு வா' என்பது மட்டுமே. 'படகில் ஏறு' என்பது இதில் இல்லை. கப்பலைக் கைவிடும் முடிவை கேப்டன் வாய்மொழியாக அறிவிப்பார். இதற்கு முன்பே, ஊழியர்களுக்கான குறிச்சொல் ஒன்று ஒலிபெருக்கியில் வரும். பல நிறுவனங்களில் தீ என்றால் 'பிராவோ', கூடவே இடமும் சொல்வார்கள். பெரும்பாலும் அது சின்ன விஷயமாகவே முடிந்துவிடும். ஆனாலும் படி இறங்க முடியாதவர் தயாராக ஆரம்பிக்க வேண்டிய நேரம் அதுதான். பாத்ரூம் போய்விட்டு, செருப்பை விட்டு ஷூவுக்கு மாறி, மருந்துப் பையை எடுத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கலாம். லிஃப்ட் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது, கேபினிலேயே இருக்கும்படி அறிவிப்பும் இல்லை என்றால், மஸ்டர் ஸ்டேஷன் இருக்கும் தளத்தில் ஏதாவது ஒரு பொதுக்கூடத்தில் போய்க் காப்பி குடித்துக்கொண்டு உட்காருங்கள். பத்து நிமிடத்தில் எல்லாம் சரியாகிவிட்டால் நஷ்டம் ஒரு காப்பி நேரம்.

அவசர ஜெனரேட்டர் இருக்கிறதே, லிஃப்ட் ஓடாதா என்று கேட்பவர்கள் உண்டு. பயணிகள் கப்பலின் அவசர மின்சாரம் 36 மணி நேரம் தாங்க வேண்டும் என்பது விதி. அதில் லிஃப்டுக்கு ஒதுக்கியிருப்பது அரை மணி நேரம். அதுவும் இடையில் சிக்கிய லிஃப்டுகளை ஒவ்வொன்றாகத் தளத்துக்குக் கொண்டுவந்து உள்ளே இருப்பவர்களை இறக்கிவிடுவதற்கு. சில கப்பல்களில் ஊழியர் கட்டுப்பாட்டில் ஒரு லிஃப்டை வைத்துக்கொண்டு வீல்சேர்க்காரர்களை நகர்த்தும் ஏற்பாடு இருக்கிறது. உங்கள் கப்பலில் இருந்தால் நல்லது. இருக்கும் என்று நம்பித் திட்டம் போடாதீர்கள்.

சரி, படிக்கட்டுக்கு வருவோம். லைஃப் போட் ஏறும் தளம் பெரும்பாலான கப்பல்களில் நடுவாக்கில், 4, 5 அல்லது 6-ம் தளத்தில் இருக்கும். கேபின் அதற்கு மேலே என்றால் இறங்க வேண்டும். கீழே என்றால் ஏற வேண்டும். இரண்டும் ஒரே வேலை இல்லை. கப்பல்களில் படிக்கட்டுக்கு வைத்திருக்கும் எவாக்குவேஷன் சேர் பெரும்பாலும் பின்பக்கம் ரப்பர் பெல்ட் ஓடும் வகை. படியின் விளிம்பில் பெல்ட் உரசிக்கொண்டே இறங்கும். உட்கார்ந்திருப்பவரின் எடையே அழுத்தம் கொடுத்து வேகத்தைக் கட்டுப்படுத்தும். பழகிய ஊழியர் ஒருவரே இறக்கிவிடுவார். ஆனால் அந்த நாற்காலி மேலே ஏறாது. ஏற்ற வேண்டுமானால் கைப்பிடி வைத்த நாற்காலியிலோ ஸ்ட்ரெச்சரிலோ வைத்து மூன்று நான்கு பேர் தூக்கியாக வேண்டும். எதிரே ஆட்கள் வந்துகொண்டிருக்கும் படியில், கப்பல் ஒரு பக்கம் சாய்ந்திருக்கும்போது, 85 கிலோ ஆளை இரண்டு தளம் தூக்குவது எவ்வளவு நேரம் பிடிக்கும் என்று நினைத்துப் பாருங்கள்.

ஆகவே கேபின் எடுக்கும்போதே பாதி வேலை முடிந்துவிடுகிறது. கீழ்த்தளத்தில் விலை குறைவு, ஆட்டமும் குறைவு என்று ஏஜென்ட் சொல்வார். இரண்டும் உண்மை. ஆனால் படி ஏற முடியாதவருக்கு நான் சொல்வது படகுத் தளத்துக்கு ஒன்று அல்லது இரண்டு தளம் மேலே, படிக்கட்டுக்கு அருகில். பன்னிரண்டாம் தளத்து பால்கனியும் வேண்டாம், இரண்டாம் தளத்து மலிவுக் கேபினும் வேண்டாம். கப்பலின் தள வரைபடம் நிறுவனத்தின் இணையதளத்திலேயே கிடைக்கும். பக்கவாட்டில் லைஃப் போட்டுகள் வரிசையாக வரைந்திருக்கும் தளத்தைப் பார்த்து எண்ணிக்கொள்ளலாம்.

கதவு அகலமும் இந்த இடத்தில் வரும். சாதாரணக் கேபின் கதவு பல கப்பல்களில் 60 செ.மீ.-கூட இருக்காது, சாதாரண வீல்சேரே 63, 65 செ.மீ. அகலம். மாற்றுத்திறனாளிகளுக்கான கேபினில் கதவு 80 செ.மீ.-க்கு மேல். பணத்தை மிச்சம் பிடிக்கச் சாதாரணக் கேபின் எடுத்துவிட்டு வீல்சேரையோ ஸ்கூட்டரையோ வெளியே நடைபாதையில் நிறுத்துகிறார்கள். அது தப்பிக்கும் வழி. புகை மண்டிய நடைபாதையில் தரையோரம் எரியும் வழிகாட்டி விளக்கைப் பார்த்துத் தவழ்ந்து வருபவர் அதில்தான் முட்டுவார். ஊழியர்கள் பார்த்தால் அப்புறப்படுத்திவிடுவார்கள், அவர்கள் செய்வது சரிதான்.

கப்பல் வடிவமைப்பாளர்கள் மெதுவாக நடப்பவர்களை மறந்துவிடவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். சர்வதேசக் கடல்சார் அமைப்பின் வெளியேற்ற ஆய்வு வழிமுறையில், கணக்குக்காக எடுத்துக்கொள்ளும் பயணிகளில் 40 சதவீதம் பேர் 50 வயதைத் தாண்டிய, நடக்கச் சிரமப்படுபவர்கள். அதில் மிக மெதுவான பிரிவுப் பெண்களின் வேகம் சமதளத்தில் விநாடிக்கு 0.37 முதல் 0.61 மீட்டர். அதாவது 60 மீட்டர் நடைபாதையைக் கடக்கவே இரண்டு நிமிடம், இரண்டே முக்கால் நிமிடம் ஆகலாம். முப்பது வயதுக்கு உட்பட்ட ஆண் விநாடிக்கு 1.11 முதல் 1.85 மீட்டர் நடப்பதாகக் கணக்கு. தீ பரவாதபடி தடுப்புச் சுவர்களால் பிரித்த மண்டலங்கள் மூன்றுக்கு மேல் உள்ள பெரிய கப்பலில் மொத்த வெளியேற்றமும் 80 நிமிடத்துக்குள் முடிய வேண்டும். கவனியுங்கள், இவையெல்லாம் தன் காலில் நடப்பவர்களின் வேகம். தூக்கிச் செல்லப்பட வேண்டியவரின் நேரம் அந்த அட்டவணையில் இல்லை. அது கப்பலின் உதவிக் குழு எத்தனை பேர், அவர்கள் எவ்வளவு சீக்கிரம் உங்களிடம் வருகிறார்கள் என்பதைப் பொறுத்தது.

அந்தக் குழுவுக்கு உங்கள் பெயர் தெரிய வேண்டும். அவசரத்தில் தனிக் கவனிப்பு தேவை என்று தெரிவித்தவர்களின் விவரம் பதிவாகி, கப்பல் கிளம்பும் முன் கேப்டனுக்குப் போக வேண்டும் என்கிறது சோலாஸ். 'தெரிவித்தவர்கள்' என்ற சொல்லில்தான் விஷயம் இருக்கிறது. நீங்கள் சொல்லாவிட்டால் பட்டியலில் பெயர் இருக்காது.

நம்மவர்கள் இங்கேதான் அதிகம் சறுக்குகிறார்கள். டிக்கெட் போடும்போது 'வீல்சேர் உதவி' என்று டிக் அடித்ததோடு முடிந்துவிட்டது என்று நினைப்பது. அது துறைமுக வாசலிலிருந்து கப்பலுக்குள் கொண்டுபோய் விடுவதற்கான உதவி. விமான நிலையத்தில் கேட்டால் வருவது போன்றதுதான். அவசரப் பட்டியல் தனி. இரண்டாவது, "எங்க அப்பா நல்லா நடப்பாரு, படிதான் கொஞ்சம் சிரமம்" என்று விட்டுவிடுவது. லிஃப்ட் இல்லாத கப்பலில் 'படிதான் சிரமம்' என்பவர்தான் பட்டியலில் முதலில் வர வேண்டியவர். மூன்றாவது, பயணத்தின் நடுவில் கால் பிசகியவர். ஏறும்போது நன்றாக இருந்தார், அதனால் பட்டியலில் இல்லை. மூன்றாம் நாள் கட்டுப் போட்டுக்கொண்டு நொண்டுகிறார். அன்றே வரவேற்பு மேசையில் சொல்லிப் பெயரைச் சேர்க்க வேண்டும்.

இன்னொன்று, யாரும் யோசிக்காதது: கடைசி நேரத்து அப்கிரேடு. நல்ல கேபின் கிடைத்த சந்தோஷத்தில் போய்விடுவோம். பட்டியலில் பழைய கேபின் எண்ணே நின்றுவிட்டால் உதவிக் குழு காலி அறையைத் தட்டிக்கொண்டிருக்கும். கேபின் மாறினால் புதிய எண் அவசரப் பட்டியலிலும் ஏறியதா என்று நேரில் கேட்டு உறுதிசெய்யுங்கள். மஸ்டர் ஸ்டேஷனும் மாறியிருக்கக்கூடும். கேபின் அட்டையில் அச்சிட்டிருக்கும் ஸ்டேஷன் எழுத்தைப் பாருங்கள்.

படிவத்தில் 'நடமாட்டக் குறைபாடு' என்று ஒற்றை வரியில் எழுதுவதால் யாருக்கும் பயனில்லை. தூக்கப்போகிறவருக்குத் தேவையானதை எழுதுங்கள்: 'சமதளத்தில் கைத்தடியோடு 80 மீட்டர் நடப்பார். படி ஏறவோ இறங்கவோ முடியாது. நாற்காலியிலிருந்து நாற்காலிக்கு ஒருவர் பிடித்தால் தானே மாறுவார். இடது கை, இடது கால் பலவீனம். இடது கையைப் பிடித்து இழுக்கக் கூடாது. எடை 82 கிலோ. தமிழ் மட்டும் தெரியும்.' இதையே ஆங்கிலத்தில் ஓர் அட்டையில் எழுதி மருந்துப் பையில் வையுங்கள். ஊழியர்களில் பிலிப்பைன்ஸ், இந்தோனேசியா, இந்தியாவைச் சேர்ந்தவர்கள் நிறைய. ஆங்கிலம் பொது மொழி. பாதுகாப்பு வீடியோ சில மொழிகளில் கிடைக்கும், தமிழை எதிர்பார்க்க வேண்டாம். அம்மாவுக்கு ஆங்கிலம் தெரியாது என்றால் வீடியோவை அவரோடு உட்கார்ந்து நிறுத்தி நிறுத்திச் சொல்லிக்கொடுங்கள். குழந்தைகளைப் பார்த்துக்கொண்டு நீங்கள் வேறிடத்தில் இருக்கும்போது சங்கு ஒலித்தால் அவருக்கு என்ன செய்வதென்று தெரிய வேண்டும்.

இனி மஸ்டர் ஸ்டேஷனில் அட்டை ஸ்கேன் செய்யும் அந்த இரண்டு நிமிடம். ஸ்கேன் சத்தம் கேட்டதும் திரும்பிவிடாதீர்கள். லிஃப்ட் ஓடாதபோது இவரைக் கேபினிலிருந்து யார் கூட்டிவருவார்கள் என்று கேளுங்கள். கேபினில் இல்லாமல் பன்னிரண்டாம் தளத்து நீச்சல்குளத்தருகே இருந்தால் எங்கே காத்திருக்க வேண்டும்? குடும்பத்தில் ஒருவர் கடைசிவரை கூட இருக்க விடுவார்களா? நடக்க முடியாதவர்களுக்கென்று வேறு கூடுமிடம் இருக்கிறதா? ஸ்டேஷனில் நிற்கும் ஊழியர் பகலில் சாப்பாட்டுக் கூடத்தில் பரிமாறுபவராக இருக்கலாம். எல்லாவற்றுக்கும் பதில் தெரியாது. கோபப்பட ஏதுமில்லை. வரவேற்பு மேசையில் போய் பாதுகாப்பு அதிகாரியிடம் பேச வேண்டும் என்று கேளுங்கள். இந்தக் கேள்விகளை அவர்கள் வரவேற்கவே செய்வார்கள்.

நீச்சல்குளக் கேள்வி முக்கியமானது. உதவிக் குழு முதலில் போவது கேபினுக்கு. நீங்கள் அங்கே இல்லையென்றால் தேடவேண்டிய ஆளாகிவிடுகிறீர்கள். அதற்காகக் கேபினுக்குத் திரும்ப முயலக் கூடாது. அருகிலுள்ள பெரிய படிக்கட்டின் முகப்புக்குப் போய், வழியை மறிக்காமல் ஓரமாக நின்று, ஒளிரும் சட்டையோடு படிக்கட்டில் வழிகாட்டும் ஊழியரிடம் கேபின் எண்ணையும் படி இறங்க முடியாது என்பதையும் சொல்லுங்கள். அவர் வாக்கி-டாக்கியில் சொன்னால் குழு அங்கே வரும். எவாக்குவேஷன் சேர் மடித்து வைத்த பெட்டியும் பெரும்பாலும் படிக்கட்டு முகப்புகளில்தான் இருக்கும். முதல் நாளே எங்கே என்று பார்த்து வைத்துக்கொள்ளுங்கள்.

கேபினிலிருந்து மஸ்டர் ஸ்டேஷன்வரை ஒருமுறை படிக்கட்டு வழியாகப் போய்ப் பாருங்கள். இறங்க முடியாதவர் மேலேயே இருக்கட்டும், கூட இருப்பவர் போகட்டும். எத்தனை படி, எத்தனை திருப்பம், கைப்பிடி எந்தப் பக்கம், கடைசியில் திறந்தவெளித் தளத்துக்குப் போகும் கதவில் வாசற்படி எவ்வளவு உயரம் என்று பார்க்க வேண்டும். உள்ளே எங்கும் சமதளமாக இருந்தாலும், கடல்நீர் உள்ளே வராதபடி வெளிக்கதவுகளில் இரும்பு வாசற்படி உயர்ந்திருக்கும். எல்லாக் கதவுக்கும் சாய்தளம் இருக்காது. 2022 ஜூனில் சென்னையிலிருந்து ஓடத் தொடங்கிய கார்டெலியா நிறுவனத்தின் எம்ப்ரஸ் 1990-ல் கட்டிய கப்பல். அந்த வயதுக் கப்பல்களில் இதையெல்லாம் கூடுதலாகப் பார்த்து வைத்துக்கொள்வது நல்லது.

நடைபாதையில் காந்தத்தில் ஒட்டிக்கொண்டு எப்போதும் திறந்தே நிற்கும் கனமான கதவுகள் தீக்கதவுகள். அவசரத்தில் கேப்டனின் பிரிட்ஜிலிருந்து காந்தத்தை விடுவித்ததும் அவை தானாக மூடிக்கொள்ளும். நேற்று வரை நேராகப் போன வழியில் திடீரென்று சுவர் நிற்பது போலத் தெரியும். பூட்டியிருக்காது, தள்ளினால் திறக்கும், விட்டால் மறுபடி மூடும். வீல்சேரில் இருப்பவர் தனியாகத் தள்ளிக்கொண்டு கடப்பது கடினம். ஒருவர் கதவைப் பிடிக்க, இன்னொருவர் நாற்காலியைத் தள்ள வேண்டும். கப்பல் சாய்ந்திருந்தால் கதவு இன்னும் கனக்கும். கீல் வைத்த தீக்கதவு 3.5 பாகை சாய்வை எதிர்த்தும் மூடும்படி செய்யப்பட்டது, அந்த விசையோடுதான் நீங்கள் மல்லுக்கட்ட வேண்டும்.

லைஃப் ஜாக்கெட்டை வீடியோவில் பார்த்தால் போதாது. கேபின் அலமாரியில் இருந்தால் எடுத்து உட்கார்ந்தபடியே மாட்டிப் பாருங்கள். புதிய கப்பல்கள் பலவற்றில் ஜாக்கெட் மஸ்டர் ஸ்டேஷனில்தான் இருக்கும்; அங்கே ஸ்கேன் செய்யப் போகும்போது ஒன்றைக் கேட்டு மாட்டிப் பார்க்கலாம். நின்றுகொண்டு மாட்டுவதும் வீல்சேரில் மாட்டுவதும் வேறு. தலை வழியாகப் போட்டதும் இடுப்புப் பட்டையை முதுகுக்குப் பின்னால் சுற்றி முன்னே கொண்டுவந்து கிளிப் போட வேண்டும். உட்கார்ந்திருப்பவரை முன்னே குனிய வைத்து, பட்டையை அவர் முதுகுக்கும் நாற்காலிச் சாய்மானத்துக்கும் நடுவே விட வேண்டும். அவசரத்தில் பலர் செய்வது, பட்டையைச் சாய்மானத்தையும் சேர்த்துச் சுற்றிவிடுவது. அப்படியென்றால் ஆளை நாற்காலியோடு கட்டிவிட்டீர்கள். எவாக்குவேஷன் சேருக்கு மாற்றும்போது அவிழ்த்துக் கட்ட வேண்டும். தண்ணீரில் விழுந்தால் சொல்லவே வேண்டாம். வீல்சேரின் சொந்த பெல்ட்டை ஜாக்கெட்டுக்கு அடியில் மறந்து விட்டுவிடாதீர்கள், அதை முதலில் கழற்ற வேண்டும். கை நுழைத்துப் போடும் வகை ஜாக்கெட் என்றால், பலவீனமான கையை முதலில் நுழையுங்கள், பிறகு நல்ல கை.

பருமனானவர்களுக்கு: 140 கிலோ எடை, 175 செ.மீ. மார்புச் சுற்றளவுவரை ஜாக்கெட் பொருந்த வேண்டும், இல்லையென்றால் அதற்கான கூடுதல் பட்டைகள் போதுமான அளவு கப்பலில் இருக்க வேண்டும் என்பது விதி. பட்டை எட்டவில்லை என்றால் அன்றைக்கே கேளுங்கள். சேலை கட்டியிருந்தால் முந்தானையை ஜாக்கெட்டுக்கு உள்ளேயே இறுகச் செருகிவிட வேண்டும். தொங்கும் துணி நாற்காலிச் சக்கரத்திலும் படகு வாசலிலும் சிக்கும். பயணத்தில் இரவு உடுப்பாக நைட்டியைவிடப் பேண்ட், சட்டை மாதிரி ஏதாவது உத்தமம், தூக்குபவருக்குப் பிடி கிடைக்கும்.

பேட்டரி வீல்சேர் பற்றி ஒரு வார்த்தை. பெரிய வகைகளின் எடை 100 கிலோவைத் தாண்டும். யாரும் படியில் தூக்க மாட்டார்கள். மஸ்டர் ஸ்டேஷன் வரை லிஃப்டில் கொண்டுவந்துவிட்டீர்கள் என்றாலும் படகில் அதற்கு இடமில்லை. விட்டுவிட்டுத்தான் போக வேண்டும், இதை மனதளவில் முன்கூட்டியே ஏற்றுக்கொள்வது நல்லது. கேபினில் நிறுத்தும்போது மோட்டார் பிடிப்பில் இருக்கட்டும். தள்ளுவதற்காகக் கியரை விடுவிக்கும் நெம்புகோலைத் திரும்பப் போட மறந்தால் கப்பல் சாயும்போது அது தானாக உருண்டு கதவை அடைத்துக்கொண்டு நிற்கும்.

வீல்சேரை விட்டாலும் மெத்தையை விடாதீர்கள். தொடுவுணர்வு குறைந்தவர்கள் உட்காரும் ஜெல் அல்லது காற்று மெத்தை லேசானது, பெரிய பையில் அடங்கும். லைஃப் போட் இருக்கை கண்ணாடியிழைப் பலகை. ஒரு ஆளுக்குக் கணக்கிட்ட அகலம் 43 செ.மீ. அதில் சில மணி நேரம் அசையாமல் உட்கார்ந்தால் படுக்கைப்புண் ஆரம்பித்துவிடும். பெரும்பாலான படகுகளில் கழிப்பறை கிடையாது. டயபர், சிறுநீர்ப் பை மாற்று இருக்கட்டும். ஏறும் முன் பையைக் காலி செய்துவிடுங்கள். படகில் ஆளுக்கு 3 லிட்டர் தண்ணீர், 10,000 கிலோஜூல் அளவுக்கு உலர் உணவு, கடல் மயக்க மாத்திரை எல்லாம் இருக்கும். இன்சுலின் இருக்காது. மருந்துப் பையில் மூன்று நாளுக்கானதைத் தனியாகப் பிரித்து, தண்ணீர் புகாத கவரில் போட்டுக் கட்டில் பக்கத்திலேயே தொங்கவிடுங்கள். பாதுகாப்புப் பெட்டகத்தில் பூட்டி வைக்காதீர்கள்.

நடக்க முடியாதவரைப் படகில் ஏற்றுவதற்கு ஒரு முறை இருக்கிறது. பயணிகள் கப்பலின் லைஃப் போட் முழுக் கொள்ளளவும் 10 நிமிடத்துக்குள் ஏறும்படியும், ஸ்ட்ரெச்சரில் இருப்பவரை உள்ளே கொண்டுவரும்படியும் அமைந்திருக்க வேண்டும். சில பெரிய கப்பல்களின் படகில் 370 பேர்வரை ஏறுவார்கள். கப்பலுக்கும் படகுக்கும் இடையே ஓர் இடைவெளி, அதைத் தாண்டியதும் ஒரு படி, உள்ளே நெருக்கமான பெஞ்சுகள். கைத்தடியை அந்த இடத்தில் வாங்கிக்கொள்வார்கள். மடக்குத் தடி என்றால் ஜாக்கெட்டுக்குள் செருகிக்கொள்ளலாம். பயணிகளைப் படகில் ஏற்றி இறக்கி ஏன் பழக்குவதில்லை என்றால், படகை இறக்குவதே ஆபத்தான வேலை. 2013 பிப்ரவரியில் கேனரித் தீவுகளின் லா பால்மாவில் தாம்சன் மெஜஸ்டி கப்பலின் டிரில்லில் கம்பி அறுந்து படகு விழுந்து ஊழியர் ஐந்து பேர் இறந்தார்கள். ஆனால் டெண்டர் படகில் கரைக்குப் போகும் துறைமுகம் உங்கள் பயணத்தில் இருந்தால், பல கப்பல்களில் அந்த டெண்டரே லைஃப் போட்தான். போக முடியாவிட்டாலும் ஏறும் இடத்தில் நின்று ஐந்து நிமிடம் பாருங்கள்.

படகில் ஏறாமலே முடியும் அவசரமும் உண்டு. 2019 மார்ச் 23 அன்று நார்வே கரையோரம் புயலில் வைக்கிங் ஸ்கை கப்பலின் எஞ்சின்கள் நின்றன. 1,373 பேர் கப்பலில். கடல் கொந்தளிப்பில் படகை இறக்க முடியவில்லை. 479 பேரை ஹெலிகாப்டரில் ஒவ்வொருவராகத் தூக்கினார்கள். மற்றவர்கள் கூடுமிடங்களில் ஜாக்கெட்டோடு மணிக்கணக்காக உட்கார்ந்திருந்தார்கள். நாற்காலி மேசைகள் சறுக்கின, உள்ளே தண்ணீரும் புகுந்தது. வீல்சேரில் இருப்பவருக்கு இதில் உள்ள செய்தி: பிரேக்கை மட்டும் நம்ப வேண்டாம். அகலமான கூடத்தின் நடுவில் நிற்காமல், தூணையோ தரையில் பொருத்திய இருக்கையையோ ஒட்டி, முடிந்தால் கப்பலின் நீளவாக்கில் முகம் வைத்து நிறுத்துங்கள். கப்பல் அதிகம் உருள்வது பக்கவாட்டில்; குறுக்கே பார்த்து நின்ற சக்கரம்தான் ஓடும்.

உரிமை என்று பார்த்தால், அமெரிக்கத் துறைமுகங்களில் ஏறுபவர்களுக்கு அந்நாட்டுப் போக்குவரத்துத் துறை விதி தெளிவாக இருக்கிறது: டிரில்லில் மாற்றுத்திறனாளிகள் முழுமையாகப் பங்கெடுக்கத் தேவையான உதவியைக் கப்பல் தர வேண்டும். ஐரோப்பிய ஒன்றியத்தில் கடல்வழிப் பயணிகளின் உரிமைக்கான 1177/2010 ஒழுங்குமுறை இருக்கிறது. உதவிக்கு 48 மணி நேரம் முன்பே சொல்லச் சொல்கிறது. சிங்கப்பூரிலோ சென்னையிலோ ஏறுபவருக்கு இவை பொருந்தாது. அங்கே கையில் இருப்பது சோலாஸும், நீங்கள் கேட்கும் கேள்விகளும்தான்.

காது கேளாதவர், பார்வை குறைந்தவர் பற்றி எழுதினால் தனிப் பதிவாகிவிடும். தலையணைக்கு அடியில் அதிரும் அலாரம், ஒளிரும் விளக்கு கொண்ட பெட்டியைப் பல நிறுவனங்கள் தருகின்றன. எண்ணிக்கை குறைவு, பதிவு செய்யும்போதே கேட்க வேண்டும் என்பது மட்டும் இப்போதைக்கு.

கடைசியாக, செலவில்லாத ஒரு வழி. பயணிகள் கப்பலில் ஊழியர்களுக்குத் தீ ஒத்திகையும் கப்பலைக் கைவிடும் ஒத்திகையும் வாராவாரம் நடக்க வேண்டும். பெரும்பாலும் துறைமுகத்தில் நிற்கும் நாளில், மற்றவர்கள் ஊர் சுற்றப் போயிருக்கும்போது நடத்துவார்கள். 'இது ஊழியர்களுக்கான ஒத்திகை' என்று முன்கூட்டியே அறிவிப்பு வரும். அன்று கரைக்குப் போகாமல் இருப்பவர்கள் அனேகமாக நடக்கச் சிரமப்படுபவர்களே. தீக்கதவுகள் மூடும், சில லிஃப்டுகளை நிறுத்துவார்கள், சில நாளில் எவாக்குவேஷன் சேரில் ஓர் ஊழியரை உட்காரவைத்துப் படியில் இறக்குவதையும் பார்க்கலாம். தேதியை வரவேற்பு மேசையில் கேட்டு வைத்துக்கொண்டு, அப்பாவோடு படிக்கட்டு முகப்பில் ஓரமாக உட்கார்ந்து பாருங்கள். முடிந்ததும் குழுத் தலைவரிடம் அந்த நாற்காலியில் ஒருமுறை உட்கார்ந்து பார்க்கலாமா என்று கேளுங்கள். படியில் இறக்க மாட்டார்கள். தரையிலாவது வீல்சேரிலிருந்து மாற்றி, பெல்ட் போட்டுக் காட்டினால், எந்தப் பக்கம் பிடித்தால் வலிக்கிறது என்று இரு தரப்புக்கும் அன்றைக்கே தெரிந்துவிடும்.